கரி படிந்த பிளக்கும் தடுமாறும் இஞ்சினும்
மாற்றியமைக்கப்பட்ட மோட்டார் காரில் கோளாறு கண்டறியும் முறை

பயிரின் இலை மஞ்சளித்தால் அனுபவமுள்ள விவசாயி இலையைக் கிள்ளியெறிந்து திருப்தியடைவதில்லை. வேரைப் பார்க்கிறார், மண்ணைப் பார்க்கிறார், நீர் தேங்கியதா, உரம் குறைந்ததா, பூச்சி விழுந்ததா என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார். அதே விவசாயியின் மோட்டார் கார் நின்ற இடத்தில் தடுமாறி ஓடி, கழற்றிப் பார்த்த பிளக் கறுத்திருந்தால், புதிய பிளக் ஒன்றை வாங்கிப் போடுவதோடு காரியம் முடிந்ததென்று எண்ணிவிடுகிறார். சில வாரங்களில் புதிய பிளக்கும் கறுத்துவிடுகிறது. பிறகு மற்றொரு பிளக். அதன் பிறகு, "போர் அடிக்க வேண்டும், ரிங் மாற்ற வேண்டும்" என்ற பெருஞ்செலவு.

பிளக் நோயன்று, நோயைக் காட்டும் இலை. இந்த ஒரு விஷயத்தை மனத்திற்கொண்டு, பிளக்கின் முகத்தைப் படிப்பது எப்படி, இஞ்சினின் தடுமாற்றத்துக்குக் காரணம் காண்பது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். முந்திய சொந்தக்காரரால் பலவிதமாக மாற்றியமைக்கப்பட்ட பழைய கார்களை வாங்கி உபயோகிப்பவர்களுக்கு இது விசேஷமாகப் பிரயோஜனப்படும்.

பிளக் செய்யும் வேலை

இஞ்சினில் மின்பொறியால் எரிவாயுவைக் கொளுத்தும் முறையை 1860-ஆம் ஆண்டிலேயே லெனுவார் என்பவர் பாரிஸ் நகரில் தமது வாயு இஞ்சினில் கையாண்டார். 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பாஷ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஹோனோல்ட் என்பவர் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்த பிறகே வேகமாக ஓடும் மோட்டார் இஞ்சினுக்கு நம்பத்தக்க தீப்பொறி கிடைத்தது.

பிளக்கின் நடுவே ஓர் உலோகக் கம்பியும், அதைச் சுற்றிப் பீங்கான் போன்ற காப்புப் பொருளும், அதற்கு வெளியே இரும்பு உடலும் உள்ளன. பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் நடுக்கம்பியின் நுனியிலிருந்து இடைவெளியைத் தாண்டிப் பக்கக் கம்பிக்குப் பாயும்போது பொறி உண்டாகிறது. பீங்கான் மூக்கின் மேல் கரி படிந்தால், கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருளாதலால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே இரும்பு உடலுக்குக் கசிந்துவிடுகிறது. வாய்க்காலின் கரை உடைந்தால் நீர் வயலுக்குப் போய்ச் சேராததைப் போன்றதே இது.

இக்கரியைத் தானே எரித்துக்கொள்ளும் சக்தி பிளக்குக்கு உண்டு. அதற்கு அதன் மூக்கு ஏறக்குறைய 450 முதல் 500 சென்டிகிரேட் டிகிரி வரையாவது சூடேற வேண்டும். அச்சூட்டை எட்டாத பிளக்கில் கரி சேர்ந்துகொண்டே போகும். 850 டிகிரிக்கு மேலே சென்றால் மூக்கே தணல்போல் கனன்று, பொறி விழும் முன்பே எரிவாயுவைக் கொளுத்திவிடும். இது நீடித்தால் பிஸ்டனின் தலை உருகித் துளைபடவும் கூடும். ஆகவே பிளக் வாழ்வது இவ்விரண்டு எல்லைகளுக்கு நடுவேதான்.

ஐடிலிங் என்பது என்ன?

காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்த பின் இஞ்சின் தன் பாரத்தை மட்டும் தாங்கி மெதுவாக ஓடும் ஓட்டத்தை ஐடிலிங் என்பர். நான்கு அடிகளில் ஒரு சுற்று முடிக்கும் இஞ்சினில் ஒவ்வொரு ஸிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கிறது. நிமிஷத்துக்கு 800 சுழற்சி என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸிலிண்டருக்கு 400 வெடிப்புகள். நான்கு ஸிலிண்டர்களுக்கு 1,600 வெடிப்புகள். ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் நிமிஷத்துக்கு 400 முறை எரியாத பெட்ரோல் வீணாகிறது. அது வீணாவதோடு நில்லாமல், ஸிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. நீர்த்த எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது. எண்ணெய்க் கோலை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்திருந்து, பெட்ரோல் நாற்றமும் வீசினால், இந்தத் தீங்கு தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும்.

ஐடிலிங்கில் ஸிலிண்டருக்குள் செல்லும் காற்று மிகக் குறைவு. ஆகையால் வேகமாக ஓடும்போது வெளித்தெரியாத சிறு குறையும் இந்நிலையில் பெரிதாகத் தோன்றும். இதனால் ஐடிலிங் ஒரு நல்ல பரீட்சை.

பிளக்கைப் படிக்கும் விதம்

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள குழியைக் காற்றடித்தோ தூரிகையாலோ சுத்தம் செய்தல் அவசியம். களத்து மேட்டில் நிற்கும் காரில் உமியும் மணலும் அங்கே தங்கியிருக்கும். பிளக்கை எடுத்ததும் அவை ஸிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். இஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். கழற்றிய பிளக்குகளை 1, 2, 3, 4 என்று ஸிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகையின் மேல் அடுக்குதல் வேண்டும். வரிசை கலைந்தால் சாட்சியம் கலைந்தது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வெகுநேரம் ஐடிலிங்கில் ஓடிய இஞ்சினின் பிளக் எப்போதும் சற்றுக் கறுத்தே காணப்படும். அதை வைத்துத் தீர்ப்புக் கூறுதல் தவறு. காரை நல்ல சாலையில் 10 அல்லது 15 கிலோமீட்டர் தூரம் பாரத்துடன் ஓட்டி, அவ்வேகத்திலேயே சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தி, போக்குவரத்தில்லாத ஓரத்தில் ஒதுக்கிய பின் பிளக்கைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வகையான சாவி உள்ள வண்டியில் ஓட்டத்தில் சாவியைத் திருப்புவது அபாயம். அத்தகைய வண்டியை நிறுத்தியவுடனே, ஐடிலிங்கில் விடாமல், இஞ்சினை அணைத்தால் போதும்.

பிளக்கின் முகங்கள் பின்வருமாறு:

1. மூக்கு வெளிறிய பழுப்பு நிறமாகவோ சாம்பல் கலந்த பழுப்பு நிறமாகவோ இருந்தால் இஞ்சின் ஆரோக்கியமாக உள்ளது.

2. உலர்ந்த கரி, விரலால் தொட்டால் விளக்குப் புகைபோல் ஒட்டிக்கொண்டால், பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. அல்லது பிளக் போதிய சூடேறவில்லை. அல்லது பொறி பலவீனமாயிருக்கிறது.

3. ஈரமாகவும் பளபளப்பாகவும் கறுத்து, தொட்டால் பிசுபிசுத்தால், ஸிலிண்டருக்குள் எண்ணெய் நுழைகிறது.

4. ஈரமாயிருந்து பெட்ரோல் நாற்றம் வீசினால், அந்த ஸிலிண்டரில் பொறி விழவேயில்லை. அல்லது சோக் அதிகமாக இழுக்கப்பட்டு பெட்ரோல் வழிந்துவிட்டது.

5. மூக்கு சுண்ணாம்புபோல் வெளுத்து, கம்பியின் நுனி கொப்புளித்திருந்தால், சூடு மிகுதி. பெட்ரோல் குறைவு, எங்கோ காற்றுக் கசிவு, தீப்பொறி நேரத் தவறு, அல்லது அதிகச் சூடேறும் இனப் பிளக் ஆகியவற்றுள் ஒன்று காரணம். இது கரியைவிட அபாயகரமானது. இந்நிலையில் வண்டியை வேகமாக ஓட்டலாகாது.

இவற்றைப் பார்த்த பிறகு கேட்க வேண்டிய முதற்கேள்வி: நான்கும் ஒரே மாதிரி உள்ளனவா, அல்லது ஒன்று மட்டும் வேறுபட்டுள்ளதா? நான்கும் ஒரே மாதிரிக் கெட்டிருந்தால் குறை நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அதாவது கார்புரேட்டர், காற்று வடிகட்டி, சோக், காயில் அல்லது பிளக்கின் இனம். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் குறை அந்த ஸிலிண்டரின் சொந்தமானது; அதாவது அதன் வயர், வால்வு, ரிங் அல்லது அந்தப் பிளக்கே. இந்த ஒரு கேள்வியினால் பாதி வேலை மிச்சமாகும்.

மாற்றியமைத்த காரின் விசேஷம்

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள காருக்கு, தயாரித்தவர்கள் கொடுத்த அளவுகள் உண்டு. மாற்றியமைத்த காருக்கு அவ்வளவுகள் பாதி பொருந்தும், பாதி பொருந்தா. ஆகவே எந்தெந்த மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன என்பதை முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். சாதாரணமாகக் காணப்படும் மாற்றங்கள் நான்கு.

முதலாவது, காற்று வடிகட்டி. பெட்டியுள்ள பழைய வடிகட்டியை நீக்கி, வெளியே திறந்த கூம்பு வடிவ வடிகட்டியை வைப்பார்கள். காற்று எளிதாகச் செல்வதால் கலவை சற்று மெலியும். அதை ஈடுசெய்வதற்காகக் கார்புரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்குவார்கள். அளவு தப்பினால் கலவை தடித்துக் கரி படியும். இதற்கு மாறாக, வடிகட்டியில் வைக்கோல் தூசி அடைத்தாலும் காற்றுக் குறைந்து அதே கரி படியும்.

இரண்டாவது, காம் ஷாஃப்ட். அதிக வேகத்தில் பலம் பெறுவதற்காக, இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் அதிக நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி அமைந்த காம் ஷாஃப்டைப் போடுவார்கள். மெதுவாக ஓடும்போது எரிந்த வாயு புதிய கலவையுடன் கலந்துவிடுவதால், இத்தகைய இஞ்சின் இயல்பாகவே சற்றுக் குலுங்கும். இது நோயன்று. இதை நோயென்று கருதி, ஐடிலிங் மென்மையாகட்டும் என்று பெட்ரோலை அதிகப்படுத்துகிறவர்கள் பலர். குலுக்கம் சற்று மறைகிறது; ஆனால் பிளக்குகள் கரியாகின்றன. இத்தகைய இஞ்சினை 900 முதல் 1,100 சுழற்சி வரையில் ஓடவிடுதலே தக்க பரிகாரம்.

மூன்றாவது, பிளக்கின் இனம். பந்தய வண்டிகளில் சூடு மிகுதியாதலால் சூட்டை விரைவில் வெளியேற்றும் குட்டை மூக்குடைய பிளக்கைப் பயன்படுத்துவர். இதைக் குளிர்ந்த இனம் என்பர். நீண்ட மூக்குடையது சூடான இனம். வீட்டிலிருந்து வயலுக்கும் சங்கத்துக்குமாகச் சிறு தூரம் ஓடும் வண்டியில் குளிர்ந்த இனத்தைப் போட்டால் அது கரியை எரிக்கும் சூட்டை ஒருபோதும் எட்டாது. இதில் ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. என்.ஜி.கே., டென்ஸோ பிளக்குகளில் எண் பெருகப் பெருகக் குளிர்ந்த இனம். பாஷ், சாம்பியன் பிளக்குகளிலோ எண் பெருகப் பெருகச் சூடான இனம். ஆகவே ஒரு கம்பெனியின் எண்ணைக் கொண்டு மற்றொரு கம்பெனியின் பிளக்கைத் தேர்தல் கூடாது. கடையிலுள்ள ஒப்பு அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நான்காவது, மின்சாரப் பகுதி. பாயிண்ட்டை நீக்கி எலெக்ட்ரானிக் அமைப்பை வைப்பவர்கள் அதற்குப் பொருந்தாத காயிலை வைத்துவிட்டால் பொறி மெலியும். பிளக்கை வெளியே எடுத்துப் பொறி தெரிகிறதா என்று பார்ப்பது முழுச் சோதனையாகாது; திறந்த காற்றில் தாண்டும் பொறி, ஸிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாமல் போகலாம்.

இவற்றோடு பெட்ரோலின் மாறுதலையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றது. அதன் பின் கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனால் பெட்ரோலுடன் கலக்கப்பட்டு வந்து, 2025-ஆம் ஆண்டில் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் தன்னிலேயே ஆக்ஸிஜன் கொண்டது; எனவே பழைய ஜெட் அளவில் அது கலவையைச் சற்று மெலியச் செய்யும். நீரையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்க்கில் நீர் பிரிந்து அடியில் தங்கலாம். பழைய ரப்பர்க் குழாய்களும் டயாஃப்ரம்களும் கெடலாம். வண்டி நின்று கிடந்த பின் தடுமாறினால் முதலில் பழைய பெட்ரோலை வடித்தெடுத்துப் பார்ப்பது நலம்.

சோதனைகளின் வரிசை

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பது இதிலுள்ள தலையான விதி. நான்கு காரியங்களை ஒரே நாளில் செய்து இஞ்சின் சீரானால் எது மருந்து என்று தெரியாது. சீர்கெட்டால் எது விஷம் என்றும் தெரியாது.

முதற்படி, செவியும் கண்ணும். சோக் கைப்பிடியை உள்ளே தள்ளிய பின் கார்புரேட்டரில் அது உண்மையாகவே முழுவதும் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். காற்று வடிகட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். மிதவை அறையிலிருந்து பெட்ரோல் வழிகிறதா என்று நோக்க வேண்டும்.

இரண்டாம்படி, காற்றுக் கசிவு. இஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது கார்புரேட்டரின் அடிப்பக்கத்திலும் மேனிஃபோல்டிலும் 'உஸ்' என்ற ஓசை வருகிறதா என்று கேட்டல். பிரேக் உதவிக்குச் செல்லும் குழாயையும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் குழாயையும் ஒவ்வொன்றாக விரலால் நெரித்துப் பார்த்தல். நெரித்தவுடன் ஓட்டம் சீரானால் கசிவு அங்கே உள்ளது. தடுமாற்றம் ஐடிலிங்கில் மட்டும் இருந்து வேகத்தில் மறைந்தால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். ஏனெனில் உள்ளே செல்லும் காற்றே குறைவாயிருக்கும் நிலையில்தான் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது.

மூன்றாம்படி, எந்த ஸிலிண்டர் உழைக்கவில்லை என்று காணுதல். பாயிண்ட் உள்ள பழைய அமைப்பில், காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொரு பிளக் வயரையும் எடுத்து இஞ்சின் உடலில் தொடவைத்தால் அந்த ஸிலிண்டர் அணையும். ஓட்டம் உடனே தளர்ந்தால் அந்த ஸிலிண்டர் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. தளராவிட்டால் அதுவே சோம்பேறி. வயரை எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கவிடுதல் காயிலுக்குக் கெடுதல். எலெக்ட்ரானிக் அமைப்பிலும், கடாலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தப்பட்ட காரிலும் இச்சோதனையைச் செய்யலாகாது. மேலே சொன்ன காம் ஷாஃப்டின் குலுக்கத்தையும் உண்மையான கோளாறையும் பிரித்தறிய இதுவே வழி: நான்கையும் அணைத்துப் பார்க்கையில் நான்கிலும் ஓட்டம் ஒரே அளவு தளர்ந்தால் குலுக்கம் காம் ஷாஃப்டின் குணம், ஒன்றில் மட்டும் வேறுபட்டால் கோளாறு.

நான்காம்படி, கலவை. எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டரில் இது எளிது. இஞ்சின் நன்கு சூடேறிய பின் அதன் பிஸ்டனை ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம் மெல்லத் தூக்க வேண்டும். ஓட்டம் அதிகரித்து அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். ஓட்டம் தளர்ந்து நின்றுபோகப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. கணநேரம் மிகச் சிறிது ஏறிப் பின் சமப்பட்டால் கலவை சரி. ஜெட்டின் அடியிலுள்ள நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும். கீழே இறக்கினால் தடிக்கும். ஒருமுறைக்கு நட்டின் ஒரு முகம் மட்டும், அதாவது ஆறில் ஒரு பங்கு திருப்பு மட்டும், திருப்பிச் சோதிக்க வேண்டும்.

ஐந்தாம்படி, அழுத்தம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, கார்புரேட்டரை முழுதும் திறந்து வைத்து, அழுத்தமானியால் ஒவ்வொரு ஸிலிண்டரையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது. குறைந்த ஸிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் அழுத்தம் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். உயர்ந்தால் ரிங் தேய்ந்தது. உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட் காரணம். இந்தச் சோதனை செய்யாமல் இஞ்சினைப் பிரிக்கச் சம்மதித்தல் விவேகமன்று.

ஓர் உதாரணம்

மேற்கூறியவை ஒன்றுசேரும்போது எப்படி வேலை செய்கின்றன என்பதை விளக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரிக்கப்பட்டு வந்த அம்பாஸடர் கார் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலக் காரை ஒட்டியது. அதில் பல்லாண்டு இருந்த பெட்ரோல் இஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் அளவுள்ளது. நிலச்சுவான்தார் ஒருவர் அத்தகைய கார் ஒன்றை வாங்குகிறார் என்று கொள்வோம். அதில் எஸ்.யு. கார்புரேட்டர், திறந்த வடிகட்டி, புதிய காம் ஷாஃப்ட், 'ரேஸ் பிளக்' என்று பெயரிட்டு விற்ற நான்கு பிளக்குகள் ஆகியவை உள்ளன. அவருடைய தினசரி ஓட்டம் 3 கிலோமீட்டர். ரயில்வே கேட்டில் நின்றால் இஞ்சின் குலுங்கி அணைந்துவிடுகிறது. சாலையில் ஓடும்போது சரியாயிருக்கிறது. நான்கு மாதத்தில் மூன்று முறை பிளக் மாற்றியாயிற்று. போர் அடிக்க வேண்டுமென்று பழுது பார்ப்பவர் கூறிவிட்டார். அறுவடைக்கு முன் கையிலிருக்கும் பணமெல்லாம் அதற்கே போகும் நிலை.

காரை நெடுஞ்சாலையில் 15 கிலோமீட்டர் ஓட்டிப் பிளக்குகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், 1, 2, 4 ஆகிய மூன்றிலும் உலர்ந்த கரி; 3-வதில் மட்டும் பளபளக்கும் எண்ணெய்க் கறுப்பு. ஆகவே இங்கே நோய் ஒன்றல்ல, இரண்டு. பொதுவான நோய் ஒன்று. 3-வது ஸிலிண்டரின் சொந்த நோய் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதியதாலேயே பழுது பார்ப்பவர் தவறினார்.

பொதுவான நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். சோக் கைப்பிடி முழுதும் உள்ளே தள்ளப்பட்டிருந்தும் கார்புரேட்டரின் ஜெட் சிறிது கீழேயே தங்கியிருக்கிறது. புதிய வடிகட்டி வைத்தபோது சோக் கேபிள் அதன் அடியில் நெரிபட்டதே காரணம். எஸ்.யு. வகையில் ஜெட் கீழிறங்கினால் பெட்ரோல் அதிகம். அதாவது இந்தக் கார் எப்போதும் பாதிச் சோக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கேபிளை மட்டும் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டினால் கரி குறைகிறது, ஆனால் மறையவில்லை. பிறகு பிளக்கின் எண்ணைப் பார்த்தால், தயாரித்தவர்கள் குறித்ததைவிட இரண்டு படி குளிர்ந்த இனம். குறித்த இனத்தைப் போட்டதும் 1, 2, 4 பிளக்குகள் பழுப்பு நிறம் பெறுகின்றன. 3-வது இன்னும் எண்ணெயாகவே உள்ளது.

இப்போது அழுத்தச் சோதனை. நான்கிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமே. எனவே ரிங்கோ போரோ கெட்டிருக்கும் என்று எண்ணக் காரணமில்லை. எண்ணெய் மேலிருந்து, இன்லெட் வால்வின் தண்டைச் சுற்றி இறங்குகிறது. வெகுநேரம் ஐடிலிங்கில் நின்று பிறகு புறப்படும்போது வாலில் நீலப் புகை ஒருமுறை குப்பென்று வருவது இதை உறுதிப்படுத்துகிறது. வால்வுத் தண்டின் சிறு எண்ணெய் ஸீலை மாற்றியதும் 3-வது பிளக்கும் சீர்ப்படுகிறது. கடைசியில் ஐடிலிங்கை 950 சுழற்சிக்கு உயர்த்தினால், காம் ஷாஃப்டின் சிறு குலுக்கம் மட்டும் எஞ்சுகிறது. அதை அப்படியே விட்டுவிடலாம். ஒரு கேபிள், நான்கு பிளக், ஒரு ஸீல்; போர் அடிக்க வேண்டியதில்லை.

பிளக்கைச் சுத்தம் செய்தலும் பொருத்துதலும்

கரி படிந்த பிளக்கைப் பெட்ரோலில் ஊறவைத்து நைலான் தூரிகையால் தேய்த்து, காற்றில் நன்கு உலர்த்தி உபயோகிக்கலாம். இரும்புத் தூரிகை கூடாது. அதன் துகள் பீங்கானில் கோடுபோல் ஒட்டி மின்சாரத்துக்குப் புதிய வழியாகும். மூக்கில் விரிசல் கண்டால் அந்தப் பிளக்கை எறிந்துவிட வேண்டும். இடைவெளியைத் தகட்டு அளவுகோலால் அளந்து, பக்கக் கம்பியை மட்டும் வளைத்துச் சரிசெய்தல் வேண்டும். பாயிண்ட் அமைப்புக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் சாதாரண அளவு. எனினும் காரின் புத்தகத்தில் கண்ட அளவே பிரதானம். பொருத்தும்போது முதலில் கையால் முழுவதும் திருகி, வாஷர் தொட்ட பின் புதிய பிளக்கானால் அரைத் திருப்பு, பழைய பிளக்கானால் எட்டில் ஒரு பங்குத் திருப்பு மட்டும் சாவியால் இறுக்கினால் போதும். நீளத்தையும் பழையதோடு ஒப்பிடுதல் வேண்டும். நீளம் மிஞ்சினால் பிஸ்டனில் இடிக்கக்கூடும். வயர்களை வரிசை மாற்றிச் செருகினால் புதிய கோளாறு பிறக்கும். நான்கு ஸிலிண்டர் இஞ்சின்களில் பெரும்பாலும் 1, 3, 4, 2 என்பதே வெடிக்கும் வரிசை.

எச்சரிக்கைகள்

மூடிய கொட்டகையில் இஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு வேலை செய்தல் உயிருக்கு ஆபத்து. கலவை தடித்த இஞ்சின் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயுவை மிகுதியாகக் கக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் தோன்றும் முன்பே அறிவு மழுங்கிவிடும். காரை வெளியில் நிறுத்தியே சோதிக்க வேண்டும். பெட்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு பொறிச் சோதனை செய்தலும் கூடாது.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலத்தல் சிக்கனமன்று. அது எளிதில் ஆவியாகாமல் பிளக்கில் கரியாகவும், இஞ்சின் எண்ணெயில் நீர்ப்பாகவும் போய்ச் சேர்கிறது, இஞ்சினும் இடிக்கும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் கார் வாங்குவோரும் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரித்தவர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைத்தல் கூடாது. ஆகவே இஞ்சினையோ எரிபொருளையோ மாற்றிய காரை வாங்குமுன் சான்றிதழை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

1. பிளக்கை மாற்றுமுன் பிளக்கைப் படிக்கவும். வரிசை கலையாமல் அடுக்கவும்.
2. நான்கும் கெட்டிருந்தால் பொதுவிடத்தையும், ஒன்று கெட்டிருந்தால் அந்த ஸிலிண்டரையும் ஆராயவும்.
3. கோளாறு தொடங்கியதற்கு முன் கடைசியாக எது மாற்றப்பட்டதோ அதை முதலில் பார்க்கவும்.
4. ஒரு சமயத்தில் ஒரே மாற்றம் செய்து, தேதியுடன் குறித்து வைக்கவும்.
5. அழுத்தச் சோதனை செய்யாமல் போர் அடிக்கச் சம்மதிக்க வேண்டாம்.
6. சிறு தூரமே ஓடும் காரை வாரத்துக்கு ஒருமுறையாவது 15 அல்லது 20 கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டவும். பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.

வயலைத் தினமும் சுற்றிப் பார்க்கிறவருக்கு நோய் முற்றுமுன் தெரிந்துவிடுகிறது. அதே கண்ணோடு, கழற்றிய நான்கு பிளக்குகளைக் கால் மணி நேரம் நோக்குகிறவருக்கு இஞ்சினின் நோயும் தெரியாமல் போகாது.